மாற்றியமைத்த மாவுச்சத்தின் பாதுகாப்பும் பொதுப்பெயரின் சிக்கலும்

மரவள்ளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் மாவுச்சத்துக் குறுணைகள் சூடான நீரில் உப்பிக் குழம்பைத் தடிக்கச் செய்கின்றன. ஆயினும் நெடுநேரக் கொதியிலும் புளிப்பிலும் அவை உடைந்து குழம்பு நீர்த்துப்போகிறது, ஆறியபின் அமைலோஸ் என்னும் நேர்ச்சங்கிலிகள் மீண்டும் நெருங்கி நீரைக் கசியவிடுகின்றன. இவ்விரு குறைகளையும் களைவதற்கு வேதிமாற்றம் மேற்கொள்ளப்படுகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகளுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பேட்டால் குறுக்குப் பிணைப்பிட்டாலே (உணவுச் சேர்க்கை வகை எண் 1412) குறுணை கொதியைத் தாங்குகிறது. அசெட்டைல் தொகுதிகளை ஏற்றினால் (1420) சங்கிலிகள் நெருங்க முடியாமற்போய், உறையவைத்து உருக்கிய உணவிலும் நீர் பிரிவதில்லை. ஆக்டெனைல் சக்சினேட் ஏற்றிய வகையோ (1450) எண்ணெயையும் நீரையும் இணைத்து வைப்பதால் அரபிக் கோந்துக்கு மாற்றாகவும் பயன்படுகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் இத்தகைய 12 வகைகளை மறுமதிப்பீடு செய்து, நாளொன்றுக்கு ஏற்கத்தக்க உட்கொள்ளல் அளவை எண்ணால் வரையறுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. மிகுந்த அளவில் இவற்றை உண்ட எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் படிந்தது உண்மையே. ஆனால் செரிக்காமல் பெருங்குடலை அடையும் லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் அதே விளைவைத் தந்தமையாலும், எலி இயல்பாகவே இப்படிவுக்கு ஆட்படும் உயிரினம் என்பதாலும், அதனை மாற்றியமைத்த மாவுச்சத்துக்கே உரிய நச்சுத்தன்மையாகக் கொள்வது பொருந்தாது. எனினும் இந்த நற்சான்று குறிப்பிட்ட 12 பொருள்களுக்கும் அவற்றின் தூய்மை வரம்புகளுக்கும் மட்டுமே உரியது. ஹைட்ராக்சிபுரோப்பைல் வகைகளை (1440, 1442) ஆக்கப் பயன்படும் புரோப்பிலீன் ஆக்சைடு விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவது; அதிலிருந்து தோன்றும் குளோரோஹைட்ரின் எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்னும் ஐரோப்பிய விதியை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவ்வகைகளைப் பற்றிய முடிவுக்கு ஆதாரமில்லை.

2013 மே மாதம் தைவானில் வெளிப்பட்ட முறைகேட்டை இந்தப் பின்னணியில் காண வேண்டும். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத மேலியிக் அன்ஹைட்ரைடைக் கொண்டு மாற்றிய மாவுச்சத்து, பால் தேநீரில் இடும் மரவள்ளி உருண்டைகளிலும் நூடுல்ஸ் வகைகளிலும் கண்டறியப்பட்டது. உருண்டைக்கு மீள்தன்மையும் மென்மையும் மலிவாகக் கிடைத்ததே காரணம். அதிலிருந்து விடுபடும் மேலியிக் அமிலம் எலிகளின் சிறுநீரக நுண்குழல்களைச் சிதைக்கும் என்பது பல்லாண்டுகளாக அறியப்பட்டிருந்த செய்தி. வேதியியல் நோக்கில் அதுவும் மாற்றியமைத்த மாவுச்சத்துதான், பொதுப்பெயர் பொய்யாகவில்லை. சிங்கப்பூரும் தைவான் பொருள்கள் சிலவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது.

ஐரோப்பிய முகப்புச்சீட்டு விதிகள் வகை எண்ணோ தனிப்பெயரோ இன்றிப் பொதுப்பெயரை மட்டும் அச்சிட இன்றும் இடமளிக்கின்றன. எண்ணைக் கட்டாயமாக்கினாலும் ஏமாற்ற முனைந்தவன் பொய் எண்ணையே எழுதுவான் என்ற மறுப்பு வலுவானதே. வாங்கும் பொதுமக்களுக்கு 1412 என்ற எண் பெரிதாக எதையும் உணர்த்துவதுமில்லை (அச்சத்தை வேண்டுமானால் ஊட்டலாம்). ஆனால் உருண்டை செய்பவரின் நிலை வேறு: அவர் மூட்டையாக வாங்கும் மாவு எவ்வகை என்பதைச் சோதித்தறியும் ஆய்வுக்கூடம் அவரிடம் இராது. ஆகவே வகை எண்ணும் எச்ச அளவுச் சான்றும் முதலில் கட்டாயமாக வேண்டியது கடைப் பொட்டலத்தில் அன்று, ஆலைக்கும் உணவு உற்பத்தியாளருக்கும் இடையே கைமாறும் விற்பனைச் சீட்டிலேயே.