வித்தும் நிலமும்

புற்றுநோயின் கொடுமை அது தோன்றிய இடத்தோடு நிற்பதில்லை. மார்பகத்தில் எழுந்த கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிவிடுகிறார், புண்ணும் ஆறிவிடுகிறது. ஆண்டுகள் சில சென்றபின், அந்த அம்மையாருக்கு முதுகிலோ தொடையிலோ வலி காண்கிறது. சிறிதே இடறினாலும் எலும்பு முறிகிறது. மார்பில் பிறந்த நோய் எலும்பை நாடிச் சென்றது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகிற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

லண்டன் மாநகரில், தூய பர்த்தலோமேயு மருத்துவமனையில் பயின்று அங்கேயே அறுவை மருத்துவராய் விளங்கியவர் சர் ஜேம்ஸ் பாஜெட். எலும்பு தடித்து, வளைந்து, உருக்குலையும் நோய் ஒன்றை அவர் 1877-இல் விவரித்து வெளியிட்டார். அக்கட்டுரையில் இடம்பெற்ற நோயாளிகள் ஐவரே. ஆயினும், அவர்களுள் ஒருவரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து, இறுதியில் அவர்தம் முன்கை எலும்பில் புற்று தோன்றியதையும் குறித்து வைத்திருந்தார். அந்த எலும்பு நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவருடைய மைந்தர் ஸ்டீஃபன் பாஜெட்டும் அறுவை மருத்துவரே. மார்பகப் புற்றால் மாண்ட 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1889-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘லான்செட்’ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்குறிப்புகளின்படி, கல்லீரலில் நோய் பரவியிருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் பரவியிருந்தவர்களோ 17 பேர்தாம். குருதி கொண்டு சென்ற இடத்திலெல்லாம் நோய் தங்குவதாயின், குருதி நிறைந்த மண்ணீரல் இவ்வாறு தப்புவது எங்ஙனம்? எலும்புகளிலும் இத்தகைய வேற்றுமையே தென்பட்டது. தொடையெலும்பைத் தாக்கிய நோய் கை எலும்புகளைத் தீண்டியது அரிதினும் அரிது. புற்றணுக்கள் வித்தைப் போன்றவை. எத்திசையிலும் அவை பரவலாம். ஏற்ற நிலத்தில் விழுந்தாலன்றி முளைப்பதில்லை. இதுவே அவர் கண்ட முடிபு. உறுப்பின் இயல்பும் நோய்ப் பரவலுக்குக் காரணம் என்ற கருத்தைத் தமக்குமுன் ஃபூக்ஸ் என்பார் கூறியதையும் அவர் மறைக்கவில்லை.

கலைச்சொற்களைத் தமிழாக்குவதில் நாள்தோறும் இடர்ப்படுகின்ற நமக்கு, இவ்வுவமை எவ்விதத் தடையுமின்றித் தமிழாகிவிடுவது வியப்பளிக்கிறது. நாற்றங்காலும் நன்செய்யும் கண்டு வளர்ந்தோர்க்கு இதற்கு உரை வேண்டுமோ?

எனினும், மருத்துவ உலகம் இக்கருத்தை எளிதில் ஏற்கவில்லை. குருதிக் குழாய்களின் அமைப்பே நோய் பரவும் வழியைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க நோயியல் வல்லுநர் ஜேம்ஸ் யூயிங் 1920-களில் வலியுறுத்தினார். அவர் கூற்றே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1980-இல் இயான் ஹார்ட், ஐசையா ஃபிட்லர் என்னும் இருவர் எலிகளின் தசையில் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் திசுக்களைப் பதித்து, குருதியில் புற்றணுக்களைச் செலுத்திப் பார்த்தனர். நுரையீரல் திசுவிலும் சூலகத் திசுவிலும் புற்று வளர்ந்தது; சிறுநீரகத் திசுவில் வளரவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் ஸ்டீஃபன் பாஜெட்டின் கருத்து மீண்டும் தலைநிமிர்ந்தது.

எலும்பு ஏற்ற நிலமாவது எவ்வாறு? எலும்பு உயிரற்ற கல்லன்று; ஒருவகை உயிரணுக்கள் அதனைக் கரைக்க, மற்றொருவகை உயிரணுக்கள் புதிதாகக் கட்டுகின்றன. புற்றணுக்கள் சுரக்கும் ஒரு புரதம் கரைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. அப்புரதம் 1987-இல் மெல்போர்ன் முதலிய இடங்களில் பிரித்தறியப்பட்டது. எலும்பு கரையுந்தோறும், அதனுள் அடங்கியிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டுப் புற்றுக்கே உரமாகின்றன. 1996-இல் கிரிகோரி மண்டி குழுவினர் எலிகளில் அப்புரதத்தைத் தடுத்தபோது, எலும்பில் புற்றின் பரவல் குறைந்தது. அதே ஆண்டில், எலும்பு கரைவதைத் தடுக்கும் பாமிட்ரோனேட் என்னும் மருந்து, நோய் எலும்புக்குப் பரவிய பெண்களிடையே எலும்பு முறிவு முதலிய துன்பங்களைக் குறைத்தது நிறுவப்பட்டது. நோயை அடியோடு களைய அம்மருந்தால் இயலாது. ஆனால், நிலத்தைக் காப்பதும் மருத்துவமே என்பது அதனால் விளங்கிற்று.

ஐவரைப் பற்றிய குறிப்பும், 735 பேரின் குறிப்பும் தாள்களில் எழுதப்பட்டுப் பேணப்பட்டமையால்தான் இவ்வறிவு நமக்குக் கிட்டியது. பணியின் பொருட்டு நகர்விட்டு நகர் மாறும் நம்மனோர் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பாத்திரங்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் கட்டியெடுக்கும் நாம், முன்னர்ப் பெற்ற சிகிச்சைத் தாள்களைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுதல் கூடாது. மார்பகப் புற்றுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள், தீராத எலும்பு வலி தோன்றின், அதனை வயதின்மேல் ஏற்றிவிட்டு வாளாவிருத்தல் ஆகாது. பழைய தாள்களைப் புதிய ஊரின் மருத்துவர்முன் வைத்து, நடந்ததைச் சொல்லுதல் வேண்டும். அவர் அறியாத முன்கதையை அத்தாள்களே அவருக்கு எடுத்துரைக்கும்.