பதநீர்க் கலயமும் பழச்சாற்றுப் புட்டியும்

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் வழியெங்கும் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அவற்றில் பெரும்பகுதியைச் சாய்த்தது. தப்பியவையும் பின்னர் நட்டவையுமே இன்று நிற்கின்றன. அந்தத் தென்னையின் பாளையைச் சீவினால் வடிவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர்; தடவாது விட்டால் சில மணி நேரத்தில் கள். முன்னது ஹலால், பின்னது ஹராம். அரசும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. நொதிக்காத நீராவை இறக்க 2017இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

சுண்ணாம்பு செய்வது இவ்வளவே. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர், தன்னிடமுள்ள நொதிகளைக் கொண்டு சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அதனால் இயங்க இயலுவதில்லை.

'நொதி' என்ற சொல்லே நம்மில் சிலரை அஞ்ச வைக்கிறது. நொதித்தல் என்றால் கள் புளிப்பதுதானே, அப்படியாயின் நொதி சேர்த்த பழச்சாறு மதுவின் உறவா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடை, இல்லை என்பதே. சொல்லின் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'என்சைம்' என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டில் ஆக்கிய ஜெர்மானியர் கூனே, 'ஈஸ்டினுள் இருப்பது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்தே அதை எடுத்தார். ஆனால் நொதிகள் ஈஸ்டில் மட்டும் இல்லை. நம் உமிழ்நீரிலும் முளைகட்டிய கேழ்வரகிலும் அவை இருக்கின்றன. உயிருள்ள செல் இல்லாமலேயே ஈஸ்டின் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று 1897இல் காட்டிய புக்னர், 1907இல் நோபல் பரிசு பெற்றார். நொதி என்பது உயிரியன்று, ஒரு பொருள் என்று அதன் பின் உறுதியாயிற்று. பொருள் என்றால் அதைப் பிரித்தெடுக்கலாம், விற்கலாம். அரசின் அனுமதிக்கும் உட்படுத்தலாம்.

பழச்சாற்றுத் தொழிலுக்கு அது 1930ஆம் ஆண்டளவில் வந்தது. ஆப்பிளைப் பிழிந்தால் சாறு கலங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் வரும். பழத்தின் பெக்டின் அதற்குக் காரணம். அதைச் சிதைக்கும் பெக்டினேஸ் நொதியைப் பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்துப் பெறுகிறார்கள். அதைச் சேர்த்தால் சாறு அதிகம் இறங்கும், எளிதில் தெளியும். ஒயின் தயாரிப்போரும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒயினுக்கும் உதவுகிறது என்பதால் மட்டும் அந்த நொதி ஹராமாகிவிடாது. அதே திராட்சை நம் வீட்டிலும் இருக்கிறது அல்லவா!

உண்மையான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது: நொதி எதிலிருந்து எடுக்கப்பட்டது, எதை உண்டு வளர்ந்தது, அதனோடு வேறு எது சேர்ந்தது? தெளிவிப்பதற்காகச் சாற்றில் ஜெலட்டின் சேர்ப்பது பழைய வழக்கம். அது மாட்டினுடையதாக இருக்கலாம், பன்றியினுடையதாகவும் இருக்கலாம். வண்டலோடு அதை வடித்துவிடுகிறார்கள் என்பது தொழிற்சாலையின் பதில்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. இராக் பகுதி இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்தபோது மஜூஸிகள் செய்த பாலாடைக்கட்டி ஸஹாபாக்களின் முன் வந்தது. அதை உறையச் செய்ய, பால்குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த 'இன்ஃபஹா' பயன்பட்டது. இன்றைய அறிவியல் அதனுள் இருப்பதை நொதி என்கிறது. அறுத்தவர் மஜூஸி எனில் அது கூடுமா? முறைப்படி அறுக்கப்படாத பிராணியிலிருந்து எடுத்தாலும் அது தூய்மையானதே என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). முறைப்படி அறுக்கப்பட்ட, பாலைத் தவிர வேறெதுவும் உண்ணாத குட்டியினுடையதே தூய்மையானது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபிகளாகவும், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊரார் ஷாஃபிஈகளாகவும் வாழும் நம் டெல்டாவில் இந்தக் கருத்து வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. மது வினிகராக மாறுவதிலும் இவ்விரு மத்ஹபுகள் வேறுபடுகின்றன: தானாக மாறினால் இருவருக்கும் கூடும்; பொருள் சேர்த்து மாற்றினால் ஹனஃபிகளுக்கு மட்டுமே கூடும்.

நம் காலத்தில் இக்கேள்வி கடுமையாக எழுந்தது இந்தோனேசியாவில். அஜினோமோட்டோ நிறுவனம் பாக்டீரியாவைக் கொண்டு சுவையூட்டும் உப்பைத் தயாரித்தது. அந்தப் பாக்டீரியாவைப் பேணி வளர்க்கும் ஊடகத்தில் சோயாப் புரதம் இருந்தது. அந்தப் புரதத்தைச் சிதைக்கப் பன்றியிடமிருந்து பெற்ற நொதி பயன்பட்டது தெரியவந்தது. உலமா சபை ஹராம் என்று அறிவித்தது. 2001 ஜனவரியில் அரசு அப்பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. நஹ்தத்துல் உலமாவின் தலைவராக இருந்தவரும் அப்போதைய அதிபருமான அப்துர்ரஹ்மான் வாஹித், இறுதிப் பொருளில் பன்றியின் கூறு எதுவும் இல்லை, ஆகவே ஹலால் என்றார். சபை இசையவில்லை, நிறுவனம் ஊடகத்தை மாற்றிய பிறகே விவகாரம் ஓய்ந்தது. பன்றியின் நொதி உணவில் அன்று, உணவைத் தந்த நுண்ணுயிரின் உணவில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட செயலாக்கத் துணைப்பொருளை மட்டுமே உணவில் பயன்படுத்தலாம் என்கிறது. மதுவகைகளுக்கான தனி விதிகள் 2018இல் வெளியாகி, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நொதிகளுக்கான அனுமதிப் பட்டியல், ஒவ்வொன்றும் எந்த உயிரியிலிருந்து வருகிறது என்பதையும் குறிக்கிறது. எனவே அரசிதழைப் படிப்பவருக்கு ஓரளவு தெரியும். கடையில் புட்டியை எடுக்கும் நம் வீட்டுப் பெண்மணிக்குத் தெரியாது. செயலாக்கத் துணைப்பொருள்களை மூலப்பொருள் பட்டியலில் எழுத வேண்டியதில்லை என்பதே கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நெறியின் விதி. அனுமதி தருபவர் கேட்பது 'இதனால் உடலுக்குக் கேடு உண்டா' என்பதைத்தான். 'எதிலிருந்து' என்பது நம் கேள்வி.

எனினும் அரசு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2001இல் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளியையும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியையும் கட்டாயமாக்கும் விதிகள் வெளியாயின. சைவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. 2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், ஒரு மூலப்பொருள் எவ்வளவு குறைவாயினும் அது தாவரத்தினதா, விலங்கினதா, ஆய்வகத்தில் ஆனதா என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்றது. வழக்குத் தொடுத்தது பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று. அதன் நோக்கம் வேறாயினும், தீர்ப்பின் பலன் நமக்கும் உண்டு.

பச்சைப் புள்ளியுள்ள பழச்சாற்றில் பன்றி ஜெலட்டின் பற்றிய அச்சம் பெரிதும் குறைகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் புட்டிகளில் அந்தப் புள்ளி இராது. அவற்றில் நம்பத்தக்க ஹலால் முத்திரையைத் தேடலாம். அதுவும் இல்லையேல், நோன்பு துறக்கும் வேளைக்கு முன்னதாகவே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம்: நொதி எந்த உயிரியினது, அது வளர்ந்த ஊடகம் எது, சாற்றைத் தெளிவித்தது ஜெலட்டினா பெண்டோனைட் களிமண்ணா? வரும் பதிலை உள்ளூர் ஆலிமிடம் காட்டும்போது, நாம் பின்பற்றும் மத்ஹப் எது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.