விக்கிப்பீடியா உருண்டையின் கதை

நீங்கள் அடிக்கடி பார்க்கும் விக்கிப்பீடியா உருண்டையை வரைந்தது விளம்பர நிறுவனம் அல்ல. 2003ல் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டி வைத்து, வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் கிடையாது. வென்றவர் பால் ஸ்டான்சிஃபர், வயது 17. நம்ம பிளஸ் டூ பையன் வயசு!

படம் அப்படியே போகவில்லை. உருண்டை முழுக்கப் பல மொழி வாசகங்கள் நெருக்கியடித்தன. டேவிட் ஃப்ரீட்லேண்ட் என்ற இன்னொரு தன்னார்வலர் துண்டுக்கு ஓர் எழுத்து என்று குறைத்தார். பரிசு வாங்கிய படத்தில் அடுத்தவர் கைவைத்தால் நாம் பொறுப்போமா? இந்த மாதிரிப் பொதுப் பணியில் அதுதான் வழக்கம்.

ஆனால் அந்தத் திருத்தத்தில் தேவநாகரி எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் பிழையாகிவிட்டன. அந்த மொழி தெரிந்தவர் பார்த்தால் ஒரு நிமிட வேலை. சரிசெய்தது 2010ல்! ஏழு வருடம் உலகமே அந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.