கணக்கர்கள் ஏந்திய துப்பாக்கி

உலோகச் சிற்றுருவங்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு, எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலால் பரவலாக அறியப்பட்டதெனினும், காலனியக் காலப் போர்களுக்கென வார்க்கப்படும் உருவங்களில் சீருடைச் சிப்பாய்களே மிகுதி. ஆயுதம் தாங்கிய ஐரோப்பியக் குடிமக்கள் அரிது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதிகள் அடங்கிய, திருவிதாங்கூரின் முன்னோடியான பழைய வேணாட்டின் வரலாற்றுக்கோ அவர்கள் இன்றியமையாதவர்கள்.

நெய்யாற்றின்கரைக்கு வடமேற்கே கடலோரத்திலுள்ள அஞ்சுதெங்கில், ஆற்றிங்கல் ராணி 1684இல் அளித்த இடத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை எழுப்பி, மிளகு வாங்கிச் சேர்க்கும் பண்டகசாலையை, அதாவது வணிக நிலையத்தை, நடத்தியது. அதன் தலைவர் வில்லியம் கைஃபோர்டு 1721 ஏப்ரலில், மிளகு வணிகத்தில் மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்த நிலையில், ராணிக்குரிய பரிசுப் பொருள்களுடன் ஏறத்தாழ 140 பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றிங்கலுக்குச் சென்றார். அக்கூட்டம் ஏறக்குறைய முழுவதுமாக வெட்டி வீழ்த்தப்பட்டது. கோட்டையில் எஞ்சியிருந்த சிலரைக் கொண்டு சாமுவேல் இன்ஸ் என்னும் பீரங்கியாளர் சுமார் ஆறு மாத முற்றுகையைத் தாங்கிநின்றார்.

அக்கூட்டத்தில் சென்ற வணிகரை உருவங்களாக வடிக்க விரும்புவோர், மும்முனையாக மடித்த தொப்பி, முழங்கால்வரை தொங்கும் பொத்தான் அங்கி, நீண்ட காலுறை, இடையில் வாள், கையில் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றும் துப்பாக்கி ஆகியவற்றைக் காட்டினால் போதும். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் வென்ற டச்சுப் படைக்குப் படைவீரர் உருவங்கள் பொருந்தும். ஆற்றிங்கல் களத்திலோ செஞ்சட்டைப் பட்டாளத்தை மட்டும் அணிவகுத்து நிறுத்துவது வரலாற்றுப் பிழையே.