பாலித் தீவின் நீர்க்கோயில்கள்: யார் வகுத்த ஒழுங்கு?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒரே வாய்க்காலை நம்பிப் பயிர் செய்யும் உழவர்களின் பாசன சபைக்கு சுபாக் என்று பெயர். சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட ஏற்பாடு இது. வாய்க்கால் பிரியும் இடங்களில் கோயில்கள் உண்டு. அனைத்துக்கும் மேலே, பாத்தூர் எரிமலை முகட்டில், நீர்த்தெய்வமான தேவி தானுவின் கோயில். எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை இந்தக் கோயில்களில் கூடித்தான் முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்த அதிகாரிகள் இங்கே பூசையை மட்டுமே கண்டார்கள். குறுகிய காலப் புது நெல் ரகங்களை முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீர்ப் பங்கீடு குலைந்து, புகையான் பூச்சியும் எலியும் பெருகின. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 ரகம் வந்தது, அது துங்ரோ வைரஸுக்குப் பலியானது.

பக்கத்து வயல்கள் ஒன்றாக அறுவடையாகி ஒன்றாகத் தரிசு கிடந்தால் பூச்சிக்குத் தீனி இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வேண்டும், கடைமடை காயும். ஆளுக்கொரு தேதியில் நட்டால் தண்ணீர் போதும், புகையானோ வயல் விட்டு வயல் தாவிக்கொண்டே இருக்கும். எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நட வேண்டும் என்பதே கேள்வி. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஓஸ், பெத்தானு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளை மழை, ஆற்றுநீர், பயிர் வளர்ச்சி, பூச்சி எல்லாவற்றோடும் கணினி மாதிரியாக அமைத்து ஓட்டினார்கள். தனித்தனியாக நட்டாலும், மொத்தமாக ஒரே நேரத்தில் நட்டாலும் மகசூல் குறைந்தது. கோயில்கள் வகுத்திருந்த நடுத்தர அளவில் உயர்ந்தது. 1993-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இதைவிட வியப்பான முடிவு ஒன்றும் இருந்தது. கோயிலே இல்லாமல், ஏதோ ஒரு தேதியில் நடவைத் தொடங்கி, ஒவ்வொரு சுபாக்கும் அண்டைச் சுபாக்குகளில் அதிகம் விளைந்ததன் நடவு முறையைப் பின்பற்றட்டும் என்று விட்டபோது, சுமார் பத்தே ஆண்டில் உண்மையான கோயில் எல்லைகளை ஒத்த குழுக்கள் தாமாக உருவாகின.

மேலிருந்து கட்டளை வராமலும் இத்தகைய ஒழுங்கு பிறக்க முடியும் என்பதே இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. முதலில் தண்ணீர் பிடிக்கும் தலைமடைக்காரருக்குக் கடைமடையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். தண்ணீர் அவர் கையில் இருக்கிறது, பூச்சி இல்லை. கீழே உள்ளவர் தண்ணீர் கிடைக்காமல் வேறு தேதியில் நட்டால் அங்கே பெருகும் புகையான் மேலேயும் வரும். அந்தப் பயம்தான் அவரை இணங்க வைக்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு வரலாற்றாய்வாளர்களுடையது: பாலியின் அரசர்களும் கோயில்களைப் பேணினார்கள், பாசனத்தில் தலையிட்டார்கள், மாதிரியிலோ அரசனே இல்லை. இது நியாயமான குறை. ஒன்று இப்படி உருவாகியிருக்கலாம் என்று கணினி காட்டுவது, அப்படித்தான் உருவானது என்பதற்குச் சாட்சி ஆகாது. அதற்குச் சாசனங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அரசன் இல்லாவிட்டால் இந்த முறையே இருந்திருக்காது என்ற வாதமும் இனி அப்படியே நிற்காது. அரசன் தேவை என்பவர் அவனையும் ஒரு விதியாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்து, விளைவு எங்கே மாறுகிறது என்று காட்ட வேண்டும். உழவர்கள் இந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1988-ல் ஆசிய வளர்ச்சி வங்கி தன் பாலிப் பாசனத் திட்டத்தைத் தணிக்கை செய்தபோது, அவர்கள் நடவு முறையைத் தங்கள் கைக்கே மீட்டுக்கொண்டிருந்தார்கள்.