பாவனையாளரும் வகிபாகமும்: கணனிப் பாதுகாப்புக் கொள்கை மொழியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

ஒரு சமூகத்தில் அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை அறிய விழையும் வரலாற்றாய்வாளர் பட்டயங்களையும் சாசனங்களையும் சட்டக் கோவைகளையும் நாடுவர். கணனியின் உட்புறத்தே எழுதப்பட்டுள்ள விதிகளை அத்தகைய ஆவணங்களாக நாம் கொள்வதில்லை. அவை பொறியியலாளரின் அலுவல் என ஒதுங்கிவிடுகின்றோம். ஆயின் வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் கணனிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், யார் எதனைப் பார்க்கலாம், யார் எதனை மாற்றலாம் என்பதை இறுதியில் தீர்மானிப்பவை அவ்விதிகளே. எனவே அவற்றின் வரலாற்றை ஆராய்வது சமூக வரலாற்றின் ஒரு கூறே எனலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகியது. கணனியின் பணிசெயல் முறைமைக்கென எழுதப்படும் பாதுகாப்புக் கொள்கை மொழியில் ‘பாவனையாளர்’, ‘வகிபாகம்’ என்னும் இரு கருத்துக்களும் எவ்வாறு வரையறுக்கப்படலாயின என்பதே அது. பாவனையாளர் என்பது ஆளைக் குறிக்கும். வகிபாகம் என்பது அந்த ஆள் ஒரு வேளையில் ஏற்று நிற்கும் பொறுப்பைக் குறிக்கும். ஆளையும் பொறுப்பையும் வேறுபடுத்திக் காண்பது நிருவாகத்தில் மிகப் பழைய வழக்கம். அவ்வேறுபாடு கணனிக்குள் முழுமையாக வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. ஏன் அத்துணைக் காலம் சென்றது, வந்து சேர்ந்த பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவே எமது வினாக்கள்.

2

ஒரு கணனியை ஒரு வேளையில் ஒருவரே பாவித்த காலத்தில் பாவனையாளர் என்னும் கருத்துக்கே தேவை இருக்கவில்லை. அறைக் கதவின் பூட்டே பாதுகாப்பாக அமைந்தது. 1961ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்ணாண்டோ கோர்பற்றோவும் அவர்தம் குழுவினரும் நேரப்பகிர்வு முறைமையொன்றைச் செயற்படுத்திக் காட்டியபோது இந்நிலை மாறியது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே வேளையில் பாவிக்க நேர்ந்ததும், ஒருவரது கோப்பை மற்றொருவரிடமிருந்து காக்கவும், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட கணனி நேரத்தைக் கணக்கிடவும் வேண்டியதாயிற்று. கடவுச்சொல் இச்சூழலிலேயே கணனிக்குள் புகுந்தது. பாவனையாளர் என்னும் கருத்து அருமையான வளமொன்றைப் பங்கிடும் தேவையிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆய்வு மாணவர் ஒருவர் 1962இல் கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார் என்பது இக்கூற்றுக்குத் தக்க சான்றாகும்.

இதன் வழித்தோன்றலாக 1965இல் மல்ரிக்ஸ் என்னும் முறைமை திட்டமிடப்பட்டது. மேற்படி நிறுவகமும் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வுகூடமும் அதிற் கூட்டாக ஈடுபட்டன. மல்ரிக்ஸ் ஒருவரை அடையாளங் காணும் முறை எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. அது ஆளின் பெயரை மட்டும் கேட்டு நிற்கவில்லை. ஆள், அவர் அவ்வேளையில் சார்ந்து நிற்கும் செயற்றிட்டம், அவர் நுழைந்த விதத்தைச் சுட்டும் குறி என மூன்று கூறுகளால் அவரைக் குறித்தது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிய அனுமதிப் பட்டியல் இம்மூன்று கூறுகளையும் நோக்கியே எழுதப்பட்டது. ஒரே ஆள் இரு செயற்றிட்டங்களில் இரு வேறு உரிமைகளைப் பெறலாம். வகிபாகம் என்னும் சொல் இங்கு இல்லையாயினும் அதன் கரு இங்கேயே உள்ளது.

3

1969இல் பெல் ஆய்வுகூடம் மல்ரிக்ஸ் முயற்சியிலிருந்து விலகிற்று. அங்குப் பணியாற்றிய கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் அவ்வாண்டிலேயே சிறியதோர் இயந்திரத்தில் யுனிக்ஸ் என்னும் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் சிறப்பு எளிமை. ஒரு கோப்பைப் பொறுத்தவரை உலகம் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூன்றாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு வகுப்பினருக்கும் வாசித்தல், எழுதுதல், இயக்கல் என மூன்று அனுமதிகள் வகுக்கப்பட்டன. யுனிக்ஸ் உலகெங்கும் பரவியதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாகும்.

எனினும் இவ்வெளிமைக்கு ஒரு விலை இருந்தது. பூச்சியம் என்னும் எண்ணைத் தாங்கிய பாவனையாளர் ஒருவர் இவ்விதிகள் யாவற்றுக்கும் அப்பாற்பட்டவராக வைக்கப்பட்டார். ‘றூட்’ என அழைக்கப்படும் இவர் எந்தக் கோப்பையும் திறக்கலாம். எந்த ஆளாகவும் மாறலாம். தம் செயலின் தடயத்தையும் அழிக்கலாம். சாதாரண பாவனையாளர் தம் கடவுச்சொல்லை மாற்றுவதற்குக்கூட ஒரு கணம் இவரது அதிகாரத்தைக் கடனாகப் பெறவேண்டியிருந்தது. அவ்வாறு கடன் கொடுக்கும் பொறிமுறைக்கு றிச்சியின் பெயரில் 1979இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அச்சுப்பொறியைப் பராமரிக்கும் சிறு செய்நிரலும், அஞ்சலை விநியோகிக்கும் செய்நிரலும் இவ்வாறு முழு அதிகாரத்தையும் ஏந்தி ஓடின. அவற்றுள் ஒன்றில் வழு இருப்பின் முழு முறைமையும் பறிபோகும். மல்ரிக்ஸில் மூன்று கூறுகளாக இருந்த அடையாளம் யுனிக்ஸில் ஓர் எண்ணாகச் சுருங்கியது. பொறுப்பு என்பது ஆளுக்குள் கரைந்து போயிற்று.

4

இக்குறையை நீக்கும் முயற்சிகள் இரு வேறு களங்களிலிருந்து எழுந்தன. முதலாவது இராணுவம். 1970இல் வில்லிஸ் வெயர் தலைமையிலான குழுவின் அறிக்கையும், 1972இல் ஐக்கிய அமெரிக்க விமானப் படைக்கென ஜேம்ஸ் அன்டர்சன் தயாரித்த அறிக்கையும், நேரப்பகிர்வுக் கணனிகளை இரகசியத் தகவலுக்கு நம்ப முடியாது என்பதை வெளிப்படுத்தின. கோரிக்கை ஒவ்வொன்றையும் இடைமறித்துச் சோதிக்கின்ற, எவராலும் திருத்த முடியாத, முழுமையாக ஆராய்ந்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியதான ஒரு காவற்கூறு வேண்டும் என்பது அன்டர்சன் அறிக்கையின் சாரம். 1973இல் டேவிட் பெல், லியொனார்ட் லாபடுலா ஆகியோர் இராணுவ இரகசியப் படிநிலையைக் கணித வடிவில் வரைந்தனர். கீழ்நிலையில் உள்ளவர் மேல்நிலைத் தகவலை வாசித்தலாகாது. மேல்நிலையில் உள்ளவர் கீழ்நிலையில் எழுதுதலாகாது. 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சார்பில் வெளிவந்த, செம்மஞ்சள் நூல் எனப் பெயர் பெற்ற மதிப்பீட்டு நியமங்கள் இந்நோக்கையே அடிப்படையாகக் கொண்டன. இங்கு ஆள் என்பவர் ஒரு படிநிலையின் உறுப்பினர் மட்டுமே.

இரண்டாவது களம் வணிகம். 1987இல் டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் ஆகியோர் எழுதிய கட்டுரை, இராணுவத்தின் அச்சமும் வணிகரின் அச்சமும் ஒன்றல்ல என வாதித்தது. வணிகரை வருத்துவது இரகசியம் கசிவதிலும் பார்க்கக் கணக்கு மோசடியே. அதற்கு அவர்கள் கண்டிருந்த மருந்து கணனிக்கு முற்பட்டது: இரட்டைப் பதிவுக் கணக்கியலும் கடமைப் பிரிப்பும். பொருளைக் கொள்வனவு செய்பவரும் அதற்குப் பணம் செலுத்த ஒப்பமிடுபவரும் ஒருவராக இருத்தலாகாது. இக்கருத்தின் தொடர்ச்சியிலேயே 1992இல் அமெரிக்கத் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த டேவிட் பெறாயலோவும் றிச்சர்ட் கூனும் வகிபாகம்சார் அணுகற் கட்டுப்பாட்டை முன்வைத்தனர். உரிமையை ஆளுக்கு வழங்காது வகிபாகத்துக்கு வழங்குக. ஆளை வகிபாகத்துக்கு நியமிக்க என்பது அதன் உட்கிடை. தாதியர் மாறலாம், தாதியின் கடமை மாறாது. பெருநிறுவனங்களில் ஊழியர் ஓயாது மாறிக்கொண்டிருக்கும் பொருளாதார நிலையோடு இக்கோட்பாடு பொருந்தி வந்தமை தற்செயலன்று.

5

இவ்விரு மரபுகளுக்கும் இடையே மூன்றாவது கருத்தொன்று 1985இல் தோன்றியது. ஏள் போபேர்ட்டும் றிச்சர்ட் கெயினும் முன்வைத்த வகை வலியுறுத்தல் என்பதே அது. ஆளைப் பார்ப்பதற்கு முன் ஓடும் செய்நிரலைப் பார்க்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கு. ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வகைப்பெயர் இடப்படும். எந்த வகை எந்த வகையை எவ்வாறு தொடலாம் என்பது அட்டவணையாக எழுதப்படும். ஐக்கிய அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம், செக்கியூர் கொம்பியூற்றிங் நிறுவனத்துடனும் யூற்றா பல்கலைக்கழகத்துடனும் இணைந்து 1990களில் இக்கருத்தை வளர்த்து, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எஸ்.ஈ. லினக்ஸ் என்னும் பெயரில் மூலநிரலுடன் பகிரங்கமாக வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸ் கருவின் ஒரு பகுதியாயிற்று.

இதன் கொள்கை மொழியிலேயே நாம் தேடும் வரையறைகள் தெளிவாக அமைகின்றன. ஒவ்வொரு செயன்முறையும் பாவனையாளர், வகிபாகம், வகை என்னும் மூன்று கூறுகள் கொண்ட முத்திரையைத் தாங்கும். தேவையாயின் இராணுவ மரபில் வந்த நிலைக்கூறு நான்காவதாகச் சேரும். கொள்கையை எழுதுபவர் மூவகை வாக்கியங்களை எழுதுகின்றார். இன்ன பாவனையாளர் இன்ன வகிபாகங்களை ஏற்கலாம் என்பது ஒன்று. இன்ன வகிபாகம் இன்ன வகைகளுள் புகலாம் என்பது மற்றொன்று. இன்ன வகிபாகத்திலிருந்து இன்ன வகிபாகத்துக்கு மாறலாம் என்பது மூன்றாவது. எழுதப்படாத எதுவும் அனுமதிக்கப்படாது.

இங்கு இரு நுட்பங்கள் கவனத்திற்குரியன. முதலாவது, இம்மொழியில் வகிபாகம் தானாக எந்த உரிமையையும் வழங்குவதில்லை. கோப்பைத் திறக்கும் உரிமை வகைக்கே உரியது. வகிபாகம் ஆளுக்கும் வகைக்கும் இடையே போடப்பட்ட பாலம் மட்டுமே. 1992ஆம் ஆண்டுக் கோட்பாட்டிலிருந்து இம்மொழி விலகும் இடம் இதுவாகும். இரண்டாவது, இங்குப் பாவனையாளர் என்பவர் யுனிக்ஸின் எண்ணோடு ஒன்றானவர் அல்லர். ஒருவர் கட்டளையிட்டு றூட் ஆக மாறினும் கொள்கை மொழியின் பாவனையாளர் அடையாளம் பொதுவாக மாறுவதில்லை. யார் தொடங்கினார் என்னும் தடயம் எஞ்சுகிறது. நிருவாக வகிபாகத்துக்குச் செல்ல அவர் மீண்டும் கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். அவ்வகிபாகம் அவருக்கு எழுதப்படவில்லையாயின் பூச்சியம் என்னும் எண் அவருக்கு உதவாது. ஆளும் பொறுப்பும் மீண்டும் பிரிக்கப்பட்டன. வரம்பற்ற அதிகாரி கோட்பாட்டளவில் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டார்.

6

கோட்பாடு இவ்வாறாயினும் நடைமுறை வேறு வழியிற் சென்றது. 2004இல் பெடோரா கோர் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் கடுமையான கொள்கை முதலிற் சேர்க்கப்பட்டபோது, அன்றாட வேலைகள் தடைப்படுவதாகப் பாவனையாளர் முறையிட்டனர். அவ்வாண்டே வெளிவந்த அடுத்த பதிப்பில், வலையமைப்பை எதிர்கொள்ளும் சில செய்நிரல்களை மட்டும் கட்டுப்படுத்தும் இலக்குக் கொள்கை இடம்பெற்றது. மனிதப் பாவனையாளர் ‘கட்டுப்படுத்தப்படாதவர்’ என்னும் பெயரில் வெளியே விடப்பட்டனர். இணையச் சேவைச் செய்நிரல் ஒன்று பகைவர் கைப்பட்டாலும் அதனால் முழு முறைமையையும் கவரமுடியாது என்னும் பயன் நிலைத்தது. ஆனால் பாவனையாளரையும் வகிபாகத்தையும் பற்றிய வாக்கியங்கள் பெரும்பாலான இயந்திரங்களில் ஏட்டுச் சுரைக்காய் ஆயின.

இப்போக்கின் உச்சத்தை அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியிற் காணலாம். 2013இல் வெளிவந்த 4.3ஆம் பதிப்பில் எஸ்.ஈ. லினக்ஸ் சோதனை நிலையிற் புகுந்து, 2014இல் வெளிவந்த 5.0ஆம் பதிப்பில் முழு வலிமையுடன் நடைமுறைக்கு வந்தது. அங்கும் முத்திரையில் பாவனையாளருக்கு ஓர் இடம் உண்டு. ஆயின் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தே அவ்விடத்தை நிரப்புகின்றது. செயன்முறைகளின் வகிபாகத்துக்கும் அவ்வாறே ஓர் எழுத்து. முழு வேலையையும் வகையே செய்கின்றது. அதுமட்டுமன்றி, யுனிக்ஸ் ஒரு காலத்தில் மனிதருக்கு வழங்கிய எண் இத்தொலைபேசியில் நாம் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் வழங்கப்படுகின்றது. பாவனையாளர் என்னும் ஆசனத்தில் இன்று அமர்ந்திருப்பது செயலியே.

இதனை வெறும் வீழ்ச்சி எனக் கொள்ளுதல் தவறு. ஒரு செயலி மற்றொரு செயலியின் தரவைக் களவாட முடியாதிருப்பது சாதாரண மக்களுக்குப் பெரும் பாதுகாப்பாகும். எனினும் அக்கொள்கையை எழுதுபவர் தொலைபேசியின் உரிமையாளர் அல்லர், உற்பத்தி நிறுவனமே. உரிமையாளர் அதனைச் சாதாரணமாகத் திருத்தவும் இயலாது. மூலநிரல் பகிரங்கமாக உள்ளது என்பதும், விதியை இயற்றும் அதிகாரம் மக்களிடம் உள்ளது என்பதும் ஒன்றல்ல.

7

இவ்வரலாற்றின் முரண்பாட்டை 2013ஆம் ஆண்டு நிகழ்வொன்று கூர்மையாகக் காட்டுகின்றது. அவ்வாண்டு எட்வேட் ஸ்னோடன் என்னும் ஒப்பந்த ஊழியர் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் பரந்த கண்காணிப்பு நடவடிக்கைகளை வெளிப்படுத்தினார். அவர் முறைமை நிருவாகியாகப் பணியாற்றியவர். அதன் பின்னர் முகவரகத்தின் பணிப்பாளர் கீத் அலெக்சாந்தர், நிருவாகிகளின் முக்கிய செயல்களுக்கு இருவர் சேர்ந்தே ஒப்புதல் அளிக்க வேண்டும் என்னும் விதியைப் பற்றியும், நிருவாகிகளின் தொகையை ஏறத்தாழ 90 சதவீதத்தால் குறைக்கும் திட்டத்தைப் பற்றியும் அறிவித்தார். வரம்பற்ற நிருவாகியைக் கட்டுப்படுத்தும் மொழியை உலகுக்கு வழங்கிய அதே முகவரகம், தன் வீட்டு நிருவாகிகளைக் கட்டுப்படுத்த வணிகரின் பழைய கடமைப் பிரிப்பை நாட நேர்ந்தது. அந்த ஊழியரின் செயலால் உலக மக்கள் தம்மைப் பற்றிய உண்மையை அறிந்தனர் என்பதையும் மறத்தலாகாது. வகிபாகங்களைக் கச்சிதமாக வரையறுக்கும் கொள்கை மோசடிக்காரரைத் தடுக்கும், மனச்சாட்சியுடையோரையும் தடுக்கும். எவரைத் தடுக்கின்றோம் என்பதை மொழி அறியாது. அதனை எழுதுவோரே அறிவர்.

ஆகவே கொள்கை மொழி நடுநிலையான கருவி, அதனைப் பாவிப்போரே பொறுப்பு எனக் கூறி நிறுத்திக்கொள்ளுதல் போதாது. அதன் இலக்கணத்திலேயே வரலாறு படிந்துள்ளது. நேரப்பகிர்வுக் கூடத்தின் பங்கீட்டுத் தேவை பாவனையாளரையும், இராணுவப் படிநிலை நிலைக்கூறையும், வணிக நிறுவனத்தின் வேலைப்பிரிவு வகிபாகத்தையும் அதற்கு வழங்கின. இம்மூன்றிலும் விதிக்கு உட்படுவோரே பேசப்பட்டனர். விதியை இயற்றுவோர் எவருக்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்பதற்கு அம்மொழியில் ஒரு வாக்கியமும் இல்லை. அவ்வாக்கியத்தைக் கணனிக்கு வெளியே, பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும்தான் எழுதவேண்டியுள்ளது. அதற்கு முதற்படி, உள்ளே எழுதப்பட்டிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்வதே என நாம் கருதுகின்றோம்.