அருளப்பட்ட சொல் எது?

ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழ்க் கிறிஸ்தவர் பலரும் துணிமணிகளோடு ஒரு தடித்த புத்தகத்தையும் கொண்டு வந்தனர். அதனை வேதப்புத்தகம் என்று போற்றினர். எழுதியவர் மனிதரேயாயினும் எழுதுவித்தவர் கடவுள் என்பது அவர்தம் கொள்கை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம் இதற்கு ஆதாரம். ஆங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குக் 'கடவுளின் மூச்சால் வந்தது' என்பது பொருள். அக்கொள்கை மெய்யோ பொய்யோ என்று வழக்காட நாம் வரவில்லை. அம்மூச்சு மூலமொழிகளாகிய எபிரேயம், கிரேக்கம் இவற்றோடு நின்றதா, அன்றி நம் பாட்டன்மார் கேட்ட தமிழ்ச் சொல்லிலும் ஏறியதா என்பதே நம் கேள்வி.

கேள்வி பழையது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த அறிஞர்கள் கடவுள் ஏவுதலால் ஒரே சொல்லை ஒருங்கே எழுதினர் என்று அலெக்சாந்திரியாவின் பைலோ எழுதிவைத்தார். மொழிபெயர்ப்பையும் தெய்வமாக்கும் ஆசை அன்றே பிறந்துவிட்டது!

தமிழுக்கு வருவோம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளிலே அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு அதுவே. அதில் கடவுளுக்குப் பெயர் சருவேசுரன். பின்பு சென்னை வேப்பேரியிலிருந்து பெப்ரீசியுஸ் பெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. அதில் பெயர் பராபரன். தஞ்சைச் சபையார் அந்தத் தமிழிலேயே செபித்தனர். அதிலேயே பிள்ளைகளை வளர்த்தனர். அதிலேயே இறந்தோரை அடக்கம் செய்தனர்.

1820 முதல் பாளையங்கோட்டையில் ஊழியஞ் செய்த ரேனியுஸ் ஐயர், சொல்லுக்குச் சொல் வைப்பதிலும் பொருள் விளங்க வைப்பதே மேல் என்று திருத்தத் தொடங்கினார். எழுந்தது கூச்சல். தலைநின்று எதிர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்; சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர், சரபோஜி மன்னரின் அவையிலே மதிப்புப் பெற்ற கவிஞர். அவர் அச்சம் நமக்கு விளங்காததன்று. நேற்றுவரை கடவுள் வாக்கு என்று கற்பித்த சொல்லை இன்று பிழையென்று அடித்தால், நாளை எதனை நம்புவது? பாமரன் கேட்கக்கூடிய நேர்மையான கேள்வி இது.

ஆனால் சாஸ்திரியாரின் முறையீட்டை முழுதும் நோக்குவார் திடுக்கிடுவர். புதிய பாதிரிமார் இழைத்த கொடுமைகளென அவர் கூறியவற்றுள் வேதத்தைத் திருத்தியது ஒன்று; கோயிலிலே சாதிகளைக் கலக்க முயன்றது மற்றொன்று. பூவும் பாட்டும் தடுக்கப்பட்டதும் அப்பட்டியலில் உண்டு. பாட்டைத் தடுத்தது பாதிரிமார் தவறே. அதில் நாம் சாஸ்திரியார் பக்கம். சாதிக்கொரு இடமாக அமர்வதை எந்த வேதவாக்கு அருளிற்று? மாறாத வேதம் என்ற திரைக்குப் பின்னே மாறாத சாதியும் ஒளிந்து நின்றது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவனுக்குப் பராபரன் என்ற சொல் போவதா பெரிய இழப்பு? அவன் இருக்குமிடம் மாறுமா என்பதன்றோ அவன் கவலை!

ரேனியுஸின் புதிய ஏற்பாடு 1833-இல் வெளிவந்தது. பின்னர் யாழ்ப்பாணத்திலே பெர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவர் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவ வேதத்துக்குத் தமிழ் தந்த கை, திருநீறு அணிந்த சைவரின் கை! 1850-இல் வந்த அந்நூலைச் சென்னையார் ஏற்கவில்லை. போவர் ஐயர் தலைமையில் 1871-இல் முடிந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே நிலைத்தது. பராபரன் அதில் தேவன் ஆனான். 1936-இல் லார்சன் குழுவினர் கடவுள் என்று எழுதினர். ஊரார் பேசும் சொல் அது. எனினும் சபைகள் பல 1871-இன் தேவனை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருகாலத்தில் புதுமையென்று வெறுக்கப்பட்ட சொல்லே இன்று பழமையென்று காக்கப்படுகிறது. சாஸ்திரியாரின் பராபரனையோ, இன்று பழைய கீர்த்தனைகளில்தான் தேட வேண்டும்.